குறையும் குற்றமும்

ஒவ்வோர் ஆண்டும் நன்னூல் பாயிரம் நடத்துகிறேன். ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் நூலுக்கு வேண்டிய பத்து அழகுகளையும் பவணந்தி முனிவர் வரிசைப்படுத்தும் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று கரும்பலகையில் எழுத எழுதப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். "சென்று தேய்ந்து இறுதல்னா என்னம்மா?" என்று ஒருத்தி கேட்பாள். நன்றாகத் தொடங்கி, போகப் போகச் சுரத்தில்லாமல் முடிவது என்பேன். "எங்க வீட்டு சீரியல் மாதிரி" என்பாள் இன்னொருத்தி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது. வெளியே நல்ல மழை. முடிச்சூர்ப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு மழை மழையாக மட்டும் தெரிவதில்லை. அவர்கள் கவனத்தைத் திருப்ப ஒரு விளையாட்டுச் சொன்னேன். ஆளுக்கொரு தாள் எடுங்கள். பெயர் எழுத வேண்டாம். முன்பக்கத்தில் உங்களிடம் நீங்கள் காணும் குறைகளை எழுதுங்கள். பின்பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் காணும் குறைகளை எழுதுங்கள். அவளிடம் காட்டாமல் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

மாலையில் ரயிலில் வரும்போது அந்தத் தாள்களைப் படித்தேன். முன்பக்கங்கள் ஏறத்தாழ ஒரே கையெழுத்தில் எழுதியவை போல இருந்தன. நிறம் கம்மி. பரு. பல் வரிசை சரியில்லை. குண்டு. ஒல்லி. முடி கொட்டுகிறது. கையில் முடி இருக்கிறது. சிரித்தால் ஈறு தெரிகிறது. ஆம்பளைக் குரல். இங்கிலீஷ் வராது. ஒருத்தி பதினான்கு எழுதி எண் போட்டிருந்தாள்.

பின்பக்கங்கள் வேறு உலகம். கோபம் வந்தால் மூன்று நாள் பேச மாட்டாள். ரகசியம் தங்காது. கடன் வாங்கினால் நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும். யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது. அவள் அண்ணன் அவளைத் திட்டினால், அண்ணன் சொல்வதுதான் சரியென்று எங்களிடமே சண்டைக்கு வருவாள். நிறத்தைப் பற்றிப் பின்பக்கத்தில் ஒருத்தியும் எழுதவில்லை. பருவைப் பற்றியும் எழுதவில்லை. முன்பக்கத்தில் பதினான்கு எழுதியவள் பின்பக்கத்தில் ஒரே வரி எழுதியிருந்தாள்: "எனக்கு எதுவும் தெரியல, நல்ல பொண்ணு."

வண்டி சானடோரியம் நிலையத்தில் நின்றபோது தாள்களைப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்தப் பதினான்கையும் நானும் என் பதினெட்டு வயதில் எழுதியிருப்பேன் என்று தோன்றியது. நாற்பதுகளிலும் பாதியை எழுதுவேன்.

*

தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. குறை, குற்றம். பழைய நூல்களில் இவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரும். இன்றைய பேச்சில் வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. ஒருவர் காது கேளாமல் இருப்பதைக் குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஒருவர் திருடியதைக் குறை என்று சொல்ல மாட்டோம். குறை என்பது இல்லாமை, போதாமை. குற்றம் என்பது செயல். அதைச் செய்தவர் ஒருவர் இருப்பார், அதனால் வலி பட்டவர் ஒருவர் இருப்பார்.

குறைக்கு இன்னொரு பொருளும் உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடப்பது மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே குறை என்றால் புகார். ஒருவர்மேல் குறை சொல்வது, குறைப்படுவது என்றெல்லாம் வழங்குகிறோம். இந்த இரண்டாம் பொருள்தான் எனக்கு முதல் பொருளை விளக்கியது. பெண்ணின் உடலில் இருப்பதாகச் சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை வேறு யாரோ அவள்மேல் வைத்த புகார்கள். எட்டு வயதில் அத்தை சொன்னது, பதினாறில் பெண் பார்க்க வருமுன்னரே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, திருமணத் தகவல் படிவத்தில் சிவப்பு, மாநிறம், கறுப்பு என்று கட்டம் போட்டுக் கேட்டது. புகார் கொடுத்தவர் போய்விடுகிறார். புகார் மனு நம் கையிலேயே இருக்கிறது, நாமே அதைத் தினமும் கண்ணாடி முன் படிக்கிறோம்.

மதுரைச் சங்கத்தில் நக்கீரர் குற்றம் கண்டுபிடித்த கதையை எல்லாரும் அறிவோம். பொருளில் குற்றம் என்று அவர் சொன்னது எதைப் பற்றி? ஒரு பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா இல்லையா என்பது பற்றி. அரசன், புலவர்கள், இறைவன் என்று அத்தனை ஆண்களும் கூடி அதை வழக்காடினார்கள். நக்கீரரின் துணிவை நாம் பல காலமாகப் பாராட்டிவருகிறோம். அந்தக் கூந்தலுக்கு உரியவளை ஒரு சொல் கேட்டிருக்கலாம் என்று எனக்கு இந்த வயதில்தான் தோன்றுகிறது.

புகார்களை விற்பனைக்கு மாற்றத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. 45 ஆண்டுகள் அந்தப் பெயரிலேயே விற்று, 2020இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியது. எங்கள் வீட்டில் மாதச் சம்பளத்தன்று மளிகையோடு அந்தப் பசையும் வரும். அதை வாங்கிய அம்மா என்னை வெறுக்கவில்லை, என் எதிர்காலத்தை எண்ணிப் பயந்தாள். அந்தப் பயத்துக்கு எதிராக நம் சென்னையிலிருந்தே ஒரு குரல் கிளம்பியதையும் சொல்ல வேண்டும். 2009இல் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரச்சாரத்தைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்தபோது நாடெங்கும் அது பேசப்பட்டது. மறு ஆண்டு, நிறம் கறுத்தவர்களைத் தாழ்வாகவோ மகிழ்ச்சியற்றவர்களாகவோ காட்டும் விளம்பரங்கள் கூடாதென்று இந்திய விளம்பரத் தரக் குழு விதிமுறை வகுத்தது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது. ஆனாலும் பின்பக்கத்தில் ஒருத்தியும் நிறத்தை எழுதவில்லை என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. தோழியைப் பார்க்கும் கண்ணுக்குள் அந்தப் புகார் மனு இன்னும் போகவில்லை.

*

நாம் நம்மைப் பார்ப்பதும் பிறர் நம்மைப் பார்ப்பதும் எவ்வளவு மாறுபடுகின்றன என்று உளவியலாளர்கள் நிறையச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த சோதனை 2000இல் வெளிவந்தது. பாடகர் பேரி மனிலோவின் படம் போட்ட டி-ஷர்ட்டைப் போட அன்றைய மாணவர்கள் வெட்கப்படுவார்கள். அதை ஒருவருக்கு மாட்டி, மற்ற மாணவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டபோது, ஏறக்குறையப் பாதிப் பேர் என்றார்கள் அதைப் போட்டவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால் பங்கு அளவுதான்.

ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா புரூக்கும் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. தவறை ஒப்புக்கொள்வது, உதவி கேட்பது, காதலை முதலில் சொல்வது போன்ற தருணங்களை எடுத்துக்கொண்டார்கள். அதை நாமே செய்வதாகக் கற்பனை செய்தால் பலவீனம் என்று தெரிகிறது. வேறொருவர் செய்வதாகக் கற்பனை செய்தால் அதே செயல் துணிச்சல் என்று தெரிகிறது. அழகான அலங்கோலம் என்று பொருள்படும்படி அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள்.

இவற்றைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது. முழு ஆறுதல் இல்லை. யாரும் உன்னை அவ்வளவு கவனிப்பதில்லை, கவலைப்படாதே என்று தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் போகும் ஒரு பெண்ணிடம் சொல்ல முடியாது. மகளிர் பெட்டி நிரம்பிப் பொதுப்பெட்டியில் ஏறிய நாளில் எத்தனை கண்கள் எங்கே இருக்கின்றன என்பது எங்களுக்குக் கணக்காகவே தெரியும். எங்கள்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதி கற்பனை. இன்னொரு பகுதி உண்மை. பிறர் கண்ணைப் பொருட்படுத்தாதே என்பது எளிய அறிவுரை. அந்தக் கண் நம் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இடங்களும் இருக்கின்றன.

அப்படியொரு இடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. நான் தினமும் கடக்கும் ரயில் நிலையத்துக்கே அதன் பெயர்தான். காசநோய்க்காக டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தொடங்கிய சானடோரியம், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நான் சிறுமியாக இருந்தபோது அந்த நிலையத்தில் வண்டி நின்றால் ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்வார்கள். காசநோய் ஒரு நோய். அது வந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள் என்பதால் மறைக்கப்பட வேண்டிய குறையாகவும் இருந்தது.

பிறகு எச்.ஐ.வி. வந்தது. இந்தியாவில் அந்தத் தொற்று இருப்பதை 1986இல் முதலில் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். இரண்டு பெண்கள். அவர்கள் சோதித்த இரத்த மாதிரிகள் பாலியல் தொழில் செய்த பெண்களுடையவை. தொற்று ஆண்கள் வழியாகவும் பரவுகிறது என்பது அறிவியல். ஊர் நினைவில் தங்கியது இது பெண்களிடமிருந்து வரும் நோய் என்பதுதான். 1990களில் தாம்பரம் மருத்துவமனை எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் தேடிவரும் பெரிய இடமாயிற்று. 2004இல் அரசு கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது முதல் மையங்களில் இதுவும் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வந்தவர்களுக்குக் கொடுக்க மருந்து அதிகமில்லை.

கணவனின் நோயை மறைத்து நடத்தி வைத்த திருமணங்கள் அந்தக் காலத்தில் இருந்தன. தொற்று கணவனிடமிருந்து மனைவிக்கு வரும். கணவன் இறந்ததும், நீ வந்த பிறகுதானே இவனுக்கு இப்படி ஆயிற்று என்று புகுந்த வீடு கேட்கும். அவளும் சில காலம் அதை நம்புவாள். இங்கே குறையும் குற்றமும் எப்படி இடம் மாறின என்று பாருங்கள். நோய் ஒரு குறை, அதில் யாருக்கும் குற்றமில்லை. அதை மறைத்து ஒரு பெண்ணைக் கட்டிவைத்தது குற்றம். எங்கள் வீட்டுக்கு ஒரு குறை என்று ஊர் பேசுமே என்ற பயம்தான் அந்தக் குற்றத்தைச் செய்ய வைத்தது. இறுதியில் குற்றம் செய்தவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள், குறை ஏற்றப்பட்டவள் குற்றவாளியானாள்.

கணவர் வழியாகத் தொற்றுக்கு ஆளான பி. கௌசல்யா அதை வெளிப்படையாகச் சொல்லி, தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்து 1998இல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். அப்படிப்பட்ட கூட்டங்களில் என்ன நடந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவள் தன் கதையைச் சொல்கிறாள். கேட்பவளுக்கு அவளிடம் ஒரு குற்றமும் தெரியவில்லை. பிறகு அதே கதை தன்னுடையதும்தான் என்பது புரிகிறது. தாளின் பின்பக்கத்தைப் படித்த கண்ணால் முன்பக்கத்தைப் படிப்பது அது.

*

இதோடு நிறுத்தியிருந்தால் இது நல்ல கட்டுரையாக இருந்திருக்கும். இதுவரை எழுதியதைப் பல மேடைகளில் பேசியும் இருக்கிறேன். உன் தோழியைப் பார்ப்பது போல் உன்னைப் பார் என்று முடிப்பேன். கைதட்டுவார்கள்.

திருக்குறளில் புறங்கூறாமை என்ற 19ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறள் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கேட்கிறது. அயலார் குற்றத்தைப் பார்க்கும் அதே கண்ணால் தன் குற்றத்தையும் பார்க்க முடியுமா என்கிறது. 44ஆம் அதிகாரமான குற்றங்கடிதல் அரசியல் என்ற இயலில், ஆள்பவனுக்குச் சொன்னதாக வருகிறது. இந்த இரண்டையும் காட்டி, இந்த அறிவுரை அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு, நமக்கில்லை என்று வகுப்பில் சொல்வேன். பெண்கள் ஏற்கெனவே அயலார் கண்ணால்தான் தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நமக்கு வேண்டியது கொஞ்சம் இரக்கம் என்பேன். அது உண்மை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பாதி உண்மை.

மீதிப் பாதியை எனக்குச் சொன்னவள் என் தங்கை. சிட்லபாக்கத்தில் இருக்கிறாள், மெப்ஸில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மகளைத் தனியாக வளர்க்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், நான் பேசிய ஒரு கூட்டத்துக்கு அவளும் வந்திருந்தாள். வீடு பெண்ணுக்கு என்னவாக இருக்கிறது என்பது பற்றிய கூட்டம். மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய சின்ன வெங்காயத்தைத் தரையில் கொட்டி இருவரும் உரித்துக்கொண்டிருந்தோம்.

"நேத்து நல்லாப் பேசினக்கா."

"ம்."

"ஒண்ணு கேக்கணும். நான் செங்கல்பட்டு ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு உனக்கு போன் பண்ணேனே, ஞாபகம் இருக்கா?"

"எப்போ?"

"பாப்பாவுக்கு நாலு வயசு. ராத்திரி. அவளத் தூக்கிக்கிட்டு நிக்கறேன். கடைசி வண்டி இன்னும் போகல. நீ சொன்ன, இப்ப திரும்பி வீட்டுக்குப் போடி, அவர் தூங்கியிருப்பாரு, காலையில பேசிக்கலாம்னு."

எனக்கு அந்த இரவு ஞாபகம் இருந்தது, வேறு மாதிரியாக. ஆய்வேட்டின் கடைசி இயலைத் திருத்திக்கொண்டிருந்தேன். சங்க இலக்கியத்தில் பெண்களின் குரல் பற்றிய ஆய்வு அது. அப்பா நெஞ்சுவலிக்குப் பின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தங்கை அழுதுகொண்டே கூப்பிட்டாள், நான் சமாதானப்படுத்தினேன். என் நினைவில் இவ்வளவுதான் இருந்தது. நல்ல அக்காவின் நினைவு.

நான் உடனே விளக்க ஆரம்பித்தேன். அப்பாவுக்கு அப்போதுதான் உடம்பு சரியாகி வந்தது, எனக்கு அந்த வாரம்…

"தெரியும்க்கா" என்றாள். "நான் காரணம் கேக்கல. நீ சொன்னது உனக்குத் தெரியுமான்னுதான் கேட்டேன்."

அன்று அவள் திரும்பிப் போனாள். அந்த வீட்டை விட்டு வெளியே வர அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

*

தங்கை விஷயத்தில் எனக்குக் குற்றவுணர்வே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய இருந்தது. என் கல்யாணத்துக்கு அப்பா அதிகம் செலவழித்தது, அவளை நல்ல கல்லூரியில் சேர்க்க நான் அலையாதது, அவள் வரும்போதெல்லாம் என் வீடு போட்டது போட்டபடி கிடப்பது. இவற்றுக்காக அவளிடம் எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவளுக்கு அவற்றில் எதுவுமே பொருட்டாக இருந்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது. என் தாளின் முன்பக்கத்தில் இருந்ததற்கும் அவளிடம் இருந்த பின்பக்கத்துக்கும் ஒரு சொல்கூடப் பொருந்தவில்லை.

நாம் நம் செயலை நம் எண்ணத்தோடு சேர்த்தே நினைவில் வைக்கிறோம். நான் சொன்ன வாக்கியத்தைச் சுற்றி அப்பாவின் நோய், ஆய்வேடு, தூக்கமின்மை எல்லாம் இருந்தன. ரயில் நிலையத்தில் நின்றவளுக்குக் கேட்டது வாக்கியம் மட்டும். ஒருவரைப் பற்றி யாருக்கு எது தெரியும் என்று ஆராய்ந்த உளவியலாளர் சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட கட்டுரை நினைவுக்கு வருகிறது. நம் பதற்றம், கவலை போன்று உள்ளே நடப்பவை நமக்கே நன்றாகத் தெரிகின்றன. நல்லவர் கெட்டவர், கெட்டிக்காரர் அல்லாதவர் என்று மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் குணங்களில் நம்மைவிடத் தோழிகளின் கண் கூர்மை. மதிப்பு கலந்த இடத்தில் நம் கண் நமக்குச் சலுகை காட்டிவிடுகிறது, அல்லது அளவுக்கு மீறித் தண்டித்துவிடுகிறது.

என் விஷயத்தில் தண்டனையே சலுகையாக இருந்தது. எப்போதும் என்னைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவள் நான், என் குற்றம் எனக்குத் தெரியாமல் போகுமா என்று ஒரு நம்பிக்கை. சாம்பாரில் உப்புக் குறைந்ததற்கு வருந்தும் மனசாட்சி பெரிய விஷயத்தில் தூங்குமா? தூங்கியது.

சில நாட்கள் கழித்துத்தான் அந்த இரவின் இன்னொரு துண்டு ஞாபகம் வந்தது. முன்னறையில் என் மாமியார் படுத்திருந்தார். நள்ளிரவில் தங்கை குழந்தையோடு வாசலில் வந்து நின்றால் அவர் என்ன நினைப்பார்? பிறந்த வீட்டில் ஒரு பெண் வாழாமல் வந்துவிட்டாள் என்ற பேச்சு என் தலைமேலும் வருமே. அப்பாவின் உடல்நிலை நான் தங்கையிடம் சொல்லத் தொடங்கிய காரணம். இது நான் எனக்குக்கூடச் சொல்லாத காரணம். என் குடும்பத்தில் ஒரு குறை தெரிந்துவிடுமே என்ற பயத்தில் ஒரு குற்றம் செய்தேன். மருமகளிடமிருந்து மகனின் நோயை மறைத்த அந்தக் குடும்பங்களை மேடையில் நான் எவ்வளவு எளிதாகக் குற்றம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் செய்ததும் நான் செய்ததும் ஒரே அளவு இல்லை. பயம் ஒன்றுதான்.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்' கதையைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் ராமன்மேல் கோபப்படுவேன். அகலிகையை மன்னிக்க வைத்தவன், சீதை என்று வரும்போது உலகம் என்ன சொல்லும் என்று பார்க்கிறான். அதைக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். இப்போது அந்தக் கதையை நடத்தும்போது எனக்கு வேறொரு சங்கடம். என் மேடைப் பேச்சைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவளை நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி வரும், என் மாணவிகளே கேட்டிருக்கிறார்கள். அடித்தவன் அவன், குற்றத்தை நீங்கள் ஏன் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள்? பெண்கள் எல்லாவற்றுக்கும் தங்களையே நொந்துகொள்ளும் பழைய பழக்கம்தானே இது? நியாயமான கேள்வி. அவன் குற்றம் அவனுடையது. என் குற்றத்தால் அதில் ஒரு துளியும் குறையாது. ஆனால் என்னிடம் ஒரு கதவு இருந்தது, அதைத் திறக்கும் நிலையில் இருந்தேன், திறக்கவில்லை. நானும் பெண், நானும் ஒடுக்கப்பட்டவள் என்பது அந்தக் கதவைப் பற்றி எதையும் மாற்றாது. பெண்ணியம் எனக்கு ஊரார் கண்ணால் என்னைப் பார்க்காதே என்று கற்றுக்கொடுத்தது. மிகவும் வேண்டிய பாடம். நான் அவசரத்தில் எல்லா ஜன்னலுக்கும் ஒரே திரையைப் போட்டுவிட்டேன். பெண் பார்க்க வந்தவரின் கண்ணும் வலித்தவளின் கண்ணும் ஒன்றில்லை.

எது குறை, எது குற்றம் என்று குழம்பும்போது நான் இப்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இதனால் யாருக்கு வலித்தது? என் நிறத்தால் யாருக்கும் வலிக்கவில்லை. என் குரலால், என் வீட்டுத் தூசியால், என் இங்கிலீஷால் யாருக்கும் வலிக்கவில்லை. அவற்றை என் தோழியிடம் கண்டால் எப்படிக் கடந்துபோவேனோ அப்படிக் கடந்துபோகலாம். யாருக்காவது வலித்திருந்தால் அதை என் கண்ணால் அளக்கக் கூடாது. வலித்தவரிடம் கேட்க வேண்டும், கேட்கும்போது காரணம் சொல்லக் கூடாது.

தங்கையிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். போகும் வழியெல்லாம் அப்பாவின் உடல்நிலை நாக்கு நுனிக்கு வந்துகொண்டே இருந்தது. அதைச் சொல்லாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. "அன்னிக்கு உன்ன வரச் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரிக்கா" என்றாள். பிறகு, "அந்த எட்டு மாசத்தப் பத்தி எப்பவாவது சொல்றேன். இப்ப வேணாம்." இன்னும் சொல்லவில்லை. அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அதை நான் கேட்கவும் கூடாது.

சென்ற ஆண்டு நன்னூல் வகுப்பில் அந்த விளையாட்டை மறுபடியும் வைத்தேன். இந்த முறை முன்பக்கத்தை இரண்டாக மடிக்கச் சொன்னேன். மேல்பாதியில் உன் குறைகள். கீழ்ப்பாதியில் உன்னால் யாருக்காவது வலித்திருந்தால் அவர் பெயர் மட்டும், வேறெதுவும் வேண்டாம். அந்தத் தாளை என்னிடம் கொடுக்க வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மேல்பாதி இரண்டு நிமிடத்தில் நிரம்பிவிட்டது. கீழ்ப்பாதிக்கு வந்ததும் பேனாக்கள் நின்றன. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நானும் ஒரு தாளை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பெயரை உடனே எழுதிவிட்டேன். இரண்டாவது பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.